கைராசிக்காரர் ஓட்டிய கார்

மோட்டார் க்ளெய்ம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். சேதத்தை மதிப்பிடுவது எப்படி, ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்பதையெல்லாம் உங்கள் மேலதிகாரிகளே சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் பாதி மறந்துவிட்டது. மறக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

கார் வாங்கியவர்கள் நம்மிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். தீப்பிடித்தால் கிடைக்குமா, திருட்டுப் போனால் கிடைக்குமா, மாடு முட்டினால் கிடைக்குமா என்று துளைத்து எடுப்பார்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கே மாட்டைப் பற்றிக் கேட்காமல் பாலிசி எடுத்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஆனால் என் சிநேகிதன் ஓட்டினால் என்ன ஆகும் என்று என் சர்வீஸில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அப்படிக் கேட்பதே கேவலம் என்று நினைத்தார்கள். சாவி கேட்டு வந்த சிநேகிதனிடம் இல்லை என்று சொல்வதைவிட, காரே இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று இருந்தவர்கள் அவர்கள். இன்றைக்கு மட்டும் என்ன பெரிதாக மாறிவிட்டது? உங்களில் எத்தனை பேர் உங்கள் வண்டிச் சாவியை மறுத்திருக்கிறீர்கள்?

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் கிளை அலுவலகம் கோயம்புத்தூரில் இருந்தது. நான் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரன் என்பதால் மலையாளம் தெரியும், மலைப்பாதையில் பஸ்ஸில் போனால் வாந்தி வராது. இந்த இரண்டு தகுதிகளுக்காகவே பாலக்காட்டிலிருந்து ஏலக்காய் மலைகள் வரையில் எந்த விபத்து நடந்தாலும் என்னை அனுப்பிவிடுவார்கள். என் மேலதிகாரியும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். அதிகம் பேச மாட்டார். பேசினால் நாலு நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதியில் நாச்சிமுத்துக் கவுண்டர் என்று ஒரு நிலக்காரர். சோளம், கடலை, பருத்தி என்று வானம் பார்த்த பூமியில் பாடுபட்டு மேலே வந்தவர். கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டமும் வாங்கியிருந்தார். இரண்டுக்கும் போய்வர ஒரு கார் வாங்கினார். புதுக் கார். கார் வீட்டுக்கு வந்து சில நாட்களிலேயே கம்பம்மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் விபத்து. ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுக் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் கால், காருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பேச்சியம்மா என்று பெயர். கம்பம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, பிழைப்பாளா என்பதே சந்தேகம் என்று தகவல் வந்தது. காரை ஓட்டியது நானே என்று நாச்சிமுத்து போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார். கூட இருந்தவர் ரங்கசாமி, அவருடைய சிறுவயதுச் சிநேகிதர்.

நான் கம்பம் போய் இறங்கியதும் முதலில் காரைப் பார்த்தேன். ஒர்க் ஷாப்பில் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் நொறுங்கியிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. அதைப் பார்த்ததும் பாதிக் கதை விளங்கிவிட்டது. நம் சமவெளிக்காரர்களுக்கு, பள்ளத்தைக் கண்டால் கியரைத் தள்ளிவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுகிற பழக்கம் உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று கணக்கு. நாச்சிமுத்துவின் ஊர்ப்பக்கம், கொழிஞ்சாம்பாறைப் பள்ளத்துக்கு அது சரி. கம்பம்மெட்டு இறக்கத்தில் அப்படி விட்டால் பிரேக் எத்தனை வளைவுக்குத் தாங்கும்? சூடேறி ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும்.

மீதிக் கதையை ஓட்டுநர் இருக்கை சொன்னது. அதைக் கடைசி வரையில் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன், என் கால் பிரேக்கை எட்டவில்லை. நான் ஒன்றும் குள்ளம் இல்லை.

பிறகு சத்திரத்தில் தங்கியிருந்த நாச்சிமுத்துவைப் பார்க்கப் போனேன். ஆள் என் தோள் உயரம்தான். பக்கத்தில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தவர் ரங்கசாமி. ரங்கசாமியிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். இல்லை என்றார். டிராக்டர் ஓட்டுவேன், ஊருக்குள் நாலைந்து பேருடைய காரை ஓட்டியிருக்கிறேன் என்றார். அதற்குள் நாச்சிமுத்து குறுக்கே விழுந்து, ஓட்டினது நானுங்க சாமி, அவன் சும்மா உக்காந்துட்டு வந்தான் என்றார். நான் ரங்கசாமியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கம்பெனி காருக்கும் தராது, அடிபட்டவருக்கும் தராது. அதனால் லைசென்ஸ் உள்ளவர் நான் ஓட்டினேன் என்று முன்னால் வந்து நிற்பது நம் தொழிலில் தினசரி நடக்கிற நாடகம். இதற்கு நான் வைத்திருந்த மருந்து ஒன்றுதான். ஆளைத் தனியாக அழைத்து, மிரட்டாமல், லாப நஷ்டத்தைச் சொல்லிவிடுவது. நாச்சிமுத்துவிடமும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் பெரிதாகும், ஓட்டினவர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும், ஒரு காருக்காகவா இது என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் கார் நஷ்டம் மட்டும்தான் உங்களுக்கு என்றேன்.

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. காருக்கு ஒரு பைசா வேண்டாம், க்ளெய்மை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அப்படியானால் ஓட்டியது யார் என்றேன். நான்தான் என்றார்.

இங்கேதான் எனக்குக் கால் தடுக்கியது. கிடைக்கப் போவதை விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவர் பொய்யை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்? பணத்துக்காகச் சொல்கிற பொய்யை எனக்குத் தெரியும். இது அந்த ஜாதி இல்லை. ரங்கசாமியைக் காபி வாங்கி வர அனுப்பிவிட்டு நாச்சிமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இனி மறைத்துப் பயன் இல்லை என்று நினைத்தாரோ, மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லையோ, சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ரங்கசாமிக்குச் சொந்தமாக இருப்பது சொற்ப நிலம். ஆனால் அந்த வட்டாரம் முழுக்க அவர் கைராசிக்காரர். ஆடியில் விதைப்பு என்றால் முதல் பிடி விதையை அவர்தான் போட வேண்டும். கிணறு வெட்டினால் முதல் கடப்பாரை அவருடையது. மோட்டார் பம்பு வாங்கினால் அவர் கையால்தான் ஓடத் தொடங்கும். அவரைக் கூப்பிட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பெரிய பண்ணைக்காரர்கள்கூட அவர் வரும்வரை வரப்பில் நின்று காத்திருப்பார்கள். நாச்சிமுத்து மேலே வந்ததே அந்தக் கையால்தான் என்று ஊரும் நம்பியது, நாச்சிமுத்துவும் நம்பினார். புதுக் கார் முதல் தடவையாகத் தோட்டத்துக்குப் போய்வருகிறது. அதை வேறு யார் ஓட்டுவது?

அவருக்கு மலை ரோடு பழக்கம் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"அவங்கை பட்டா எதுவும் கெட்டுப் போவாதுங்க சாமி" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நூட்ரல்ல போடுறா, எறக்கந்தானேன்னு சொன்னதே நானுங்க" என்றார்.

அதனால்தான் பழியை ஏற்கிறீர்களா என்றேன். தலையை ஆட்டினார்.

"அதுக்கு இல்லீங்க. அவங்கையில ஒரு பொம்பள காலு போயிருச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, அப்பறம் ஒருத்தரு அவனுக்கு வெதை குடுக்க மாட்டாங்க. எங்கயாச்சும் வெளைச்சல் பொய்ச்சாலும் அவம்மேலதான் போடுவாங்க. அவனுக்கு வேற என்னங்க இருக்குது? நான் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாலும் கவுண்டன்தானுங்க. அவன் கையி போச்சுன்னா போனதுதான்."

எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை வந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சிநேகிதனுக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கிறவர்களைப் பற்றி நாடகத்தில்தான் பார்த்திருந்தேன். நேரில் பார்த்தபோது அவர் வேட்டியில் எண்ணெய்க் கறையும், மூன்று நாள் தாடியுமாக இருந்தார்.

ரங்கசாமி மூன்று டம்ளர் காபியுடன் வந்தார். நாச்சிமுத்து முதல் டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாச்சிமுத்து ஓட்டினார் என்று நான் எழுதினால் கம்பெனி பேச்சியம்மாவுக்கு நஷ்டஈடு தந்துவிடும். நாச்சிமுத்து கேட்பதும் அதைத்தான். ரங்கசாமியின் கை தப்பிக்கும். போலீஸும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ரங்கசாமி ஓட்டினார் என்று எழுதினால் கம்பெனி கையை விரிக்கும். அந்தப் பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும், கால் இல்லாமல் கோர்ட் படி ஏற வேண்டும். பொய்யை எழுதினால் எல்லோருக்கும் நல்லது, உண்மையை எழுதினால் யாருக்கும் நல்லது இல்லை. இந்த மாதிரி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அதற்குத்தான் இந்தக் கதையையே சொல்கிறேன்.

என் மேலதிகாரி இதைப் பற்றி முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். "எல்லாருக்கும் சௌகரியமா இருக்கற பொய் ஒண்ணு உன் மேஜைக்கு வந்துதுன்னா, அன்னிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டு ஆத்துக்குப் போயிடு. மறுநாள் வந்து, யாரை இன்னும் கேக்கலைன்னு பாரு." அப்போது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்திருந்தேன். கம்பத்தில் லீவு போட்டுவிட்டு எங்கே போவது? ஆனால் கேள்வி மட்டும் சரியாக இருந்தது. யாரை இன்னும் கேட்கவில்லை?

கேட்க வேண்டியவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்ததால் போலீஸ் அவளிடம் வாக்குமூலம் வாங்கவில்லை. ஓட்டினவரே ஒப்புக்கொண்ட பிறகு அவசரம் என்ன என்று விட்டுவிட்டார்கள். அன்று காலையில்தான் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. பேசலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

நாச்சிமுத்து தினமும் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போய்வந்தார். ரங்கசாமி கூடவே வருவார், கேட்டோடு நின்றுவிடுவார். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லையாம். அன்று நானும் சேர்ந்து போனேன். கேட்டில் வழக்கம்போல் நின்றவரிடம், இன்றைக்குப் பழக்கூடையை நீங்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். நாச்சிமுத்துவுக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. என்னை ஒரு முறை முறைத்தார். ரங்கசாமி கூடையை வாங்கிக்கொண்டார்.

பேச்சியம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் யார் என்பதைச் சொன்னேன். காரை ஓட்டி வந்தது யார் என்பதைக் கம்பெனிக்கு எழுத வேண்டும், நீ பார்த்தாயா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. இவ்வளவு நாள் கழித்துத்தான் இதைக் கேட்கத் தோன்றியதா என்பதுபோல.

"சத்தம் கேட்டுத் திரும்பி நின்னவ வண்டிய பாக்காம எப்பிடிங்க இருப்பேன்? இந்தா கூடையோட நிக்கிறாகளே, இவுகதான் ஓட்டிட்டு வந்தாக" என்றாள்.

நாச்சிமுத்து அவசரமாக, இல்லம்மா, நான்தான் ஓட்டினது, உனக்குக் காய்ச்சலில் ஒன்றும் ஞாபகம் இருக்காது என்றார்.

"நீங்க எங்கங்க ஓட்டுனீக? நீங்க ரெண்டு கையாலயும் மொகத்த பொத்திக்கிட்டுல்ல உக்காந்திருந்தீக."

வார்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. ரங்கசாமியைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க கூட்டம் அம்புட்டும் ரோட்டுல நின்னுச்சு. ஓடக்கூட எடம் இல்ல. நீங்க வண்டிய ஒடிச்சு மலைப்பக்கமா விட்டீக. ஓரத்துல நின்ன எங்காலு மாட்டிக்கிருச்சு. நேரா விட்டிருந்தீகன்னா நாங்க அம்புட்டுப் பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம். எம்மேல இரக்கப்பட்டுப் பழம் குடுக்கிறது அவுக. ஓட்டுன ஆளு எங்கன்னு நான் நெனவு வந்தப்பல்லாம் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

ரங்கசாமி கூடையைக் கீழே வைத்தார். அந்த நெட்டை மனிதர் அப்படியே கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அழுதார். நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்பு என்றெல்லாம் யாரும் பேசவில்லை. பேச்சியம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எந்திரிங்க, டாக்டரம்மா வர்ற நேரம் என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரங்கசாமி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நாச்சிமுத்து தடுத்துப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்தார், கடைசியில் கோபித்துக்கொண்டு கூடவே போனார். பொய் எழுதிக் கொடுத்ததற்கு அவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கோர்ட்டில் பேச்சியம்மா, ஆஸ்பத்திரியில் சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். அவளுடைய சாட்சியத்தால்தான் ரங்கசாமிக்கு ஜெயில் இல்லாமல் அபராதத்தோடு போயிற்று.

நான் கண்டதைக் கண்டபடி எழுதினேன். கம்பெனி எதிர்பார்த்தபடியே கையை விரித்தது. பேச்சியம்மாவுக்கு வேண்டியதை நாச்சிமுத்து தன் கையிலிருந்து செய்தார், வழக்குக்கு அவளை அலைய விடவில்லை. கம்பம்மெட்டில் காய் உலர்த்துகிற அவருடைய ஸ்டோரில் உட்கார்ந்தபடி ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையும் கொடுத்தார். பிற்பாடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளைப் பார்த்திருக்கிறேன். மற்ற பெண்களை நன்றாக அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருப்பாள். எல்லா நாச்சிமுத்துவும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதினால் அடிபட்டவருக்கு எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அன்று அந்தப் பெண்ணுக்கு நல்ல காலம், எதிரே இருந்தவர் நல்ல மனிதர். அவ்வளவுதான்.

என் மேலதிகாரி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "இனிமே பாலிசி குடுக்கறச்சயே, சிநேகிதாள்ளாம் யாரு, லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுடு. திட்டினா வாங்கிக்கோ" என்றார். அதற்குப் பிறகு நான் எல்லோரிடமும் கேட்டேன். நிறையவே திட்டு வாங்கினேன். நீங்களும் கேளுங்கள். கார் யாருடையது என்பதோடு அது யார் யார் கைக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிநேகிதன் ஓட்டி ஒன்று நடந்துவிட்டால் சொந்தக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பணத்துக்காகத்தான் பேசுகிறார் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் எதிரே நின்றவரைப் போய்க் கேளுங்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும்.

அடுத்த ஆடியில், விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக வடகரப்பதிக்குப் போனேன். நாச்சிமுத்துவின் நிலத்தில் அன்றைக்கு விதைப்பு. முதல் மழை பெய்து மண் பதமாக இருந்தது. ஏர்கள் தயாராக நின்றன. சாமி கும்பிட்டு முடித்துக் கூடையிலிருந்து முதல் பிடி விதையை நாச்சிமுத்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் யாரோ ஒரு வெளியூர்க்காரர். வண்டி அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். ரங்கசாமி மற்ற ஆட்களோடு வரப்போரமாக நின்றார்.

கோர்ட்டில் பேச்சியம்மா சொன்னதை நாச்சிமுத்து ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தையே காப்பாற்றிய கை அது என்று டீக்கடை டீக்கடையாகச் சண்டை போட்டிருந்தார். ஊர் கேட்டுக்கொண்டது. விதைக்குக் கூப்பிடவில்லை. ஊரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கையெழுத்து வாங்கும்போது அவரைத் தனியாகக் கேட்டேன். ஊர் கூப்பிடாவிட்டால் போகட்டும், நீங்களும் கூப்பிடவில்லையா என்றேன்.

நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அவனுக்காக ஜெயிலுக்குன்னா இப்பவும் போவேனுங்க சாமி. வெதைன்னு வந்தா கையி நீள மாட்டேங்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். வெளியூர்க்காரர் முதல் பிடியைப் போட்டு முடித்திருந்தார். ஏர்கள் நகர்ந்தன. ரங்கசாமி தானாகவே வந்து கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு, ஆட்களோடு ஆளாகக் கடைசி ஏருக்குப் பின்னால் நடந்தார்.